சூப்பர் ஃபாமிகாம் சேகரிப்பு: விலை ஏறியது கேமுக்கா, அட்டைப்பெட்டிக்கா?

கேள்வி: டோக்கியோவில் மென்பொருள் வேலை. இரண்டு ஆண்டில் சென்னைக்குத் திரும்பிவிடுவேன். அதற்குள் ஒரு சூப்பர் ஃபாமிகாமும் (நிண்டெண்டோவின் 1990 கேம் கருவி) அதில் செருகி ஆடும் முப்பது நாற்பது கேட்ரிட்ஜும் சேர்க்க ஆசை. மாதம் 10,000 யென் ஒதுக்க முடியும். ஆனால் அகிஹபாரா கடைத்தெருவில் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஒரு காலத்தில் இதெல்லாம் குப்பை விலைக்குக் கிடைத்தது என்கிறார்கள் கூட வேலைசெய்யும் ஜப்பானியர்கள். பெட்டியோடு வாங்குவதா, வெறும் கேட்ரிட்ஜ் போதுமா? விலை இறங்கும்வரை காத்திருக்கலாமா? போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? ஜப்பானிய மொழி ஓரளவு படிப்பேன்.

பதில்: கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, ஜப்பானிய மொழி படிப்பேன் என்று, அதுதான் உங்கள் கையில் இருக்கும் பெரிய முதல். அதைப் பிறகு பார்ப்போம். முதலில் விலை எங்கே ஏறியது என்று பார்த்துவிடலாம். எல்லாம் ஒரேபோல் ஏறவில்லை.

உங்கள் நண்பர்கள் சொல்வது உண்மைதான். ஜப்பானில் பழைய கேம் வெகுகாலம் வெறும் பழைய சாமானாகத்தான் இருந்தது. பிள்ளைகள் கேட்ரிட்ஜின் முதுகில் மார்க்கரால் பெயர் எழுதிவைப்பார்கள். பெட்டி வாங்கிய அன்றே குப்பைக்குப் போகும். விளையாடி முடித்ததும் கடையில் விற்றுவிட்டு அடுத்ததை வாங்குவார்கள். இந்த மறுவிற்பனையை நிறுத்தச் சொல்லி கேம் நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2002 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பழைய கேம்களை விற்பதில் தவறில்லை என்று தீர்ப்பளித்தது. இன்று நீங்கள் பார்க்கும் மறுவிற்பனைக் கடைகள் நிம்மதியாகத் தொழில் நடத்துவதற்கு அந்தத் தீர்ப்பு ஒரு முக்கியக் காரணம்.

பிறகு பல காற்றுகள் ஒன்றாக அடித்தன. 1980களில் பத்து வயதாக இருந்தவர்களுக்கு இப்போது ஐம்பது வயது, கையில் பணம் இருக்கிறது. 2020இல் உலகமே வீட்டுக்குள் அடைந்தபோது பழைய கேம்களுக்குத் தேவை கூடியது. 2021இல் அமெரிக்காவில், முத்திரை பிரியாத சூப்பர் மாரியோ 64 ஒன்று 15 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போன செய்தி எல்லார் காதிலும் விழுந்தது. அது அமெரிக்கப் பதிப்பு. ஜப்பானியக் கடையில் தொங்கும் கேட்ரிட்ஜுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் 'பரணில் கிடப்பது பணம்' என்ற நினைப்பை அது விதைத்துவிட்டது. அதற்கு மேல் யென் சரிந்தது. 2024 ஜூலையில் ஒரு டாலருக்கு 160 யென்னைத் தாண்டியபோது, வெளிநாட்டுப் பயணிக்கு அகிஹபாரா முழுவதும் தள்ளுபடிக் கடையாகத் தெரிந்தது. யென்னில் சம்பளம் வாங்கும் உங்களுக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது. அதனால்தான் தலை சுற்றுகிறது.

அந்தப் பயணி எதை வாங்குவார்? ஜப்பானிய மொழி தெரியாமலே ஆடக்கூடியதை. சுட்டுத்தள்ளும் கேம்கள், தாவிக் குதிக்கும் கேம்கள், அடிதடி கேம்கள். சூப்பர் ஃபாமிகாமில் 'ஹகானே', 'ரெண்டரிங் ரேஞ்சர் ஆர்2' போன்றவை எட்டாத உயரத்துக்குப் போனதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் அச்சிட்ட எண்ணிக்கை. கேட்ரிட்ஜில் கேமைத் தாங்கும் ரோம் சிப்பை வெளியீட்டாளர் முன்பணம் கட்டி, மாதக்கணக்கில் காத்திருந்து வாங்க வேண்டும். விற்காவிட்டால் நட்டம் முழுக்க அவர் தலையில். 1994 கடைசியில் சாட்டர்ன், பிளேஸ்டேஷன் என்ற புதிய கருவிகள் வந்து கூட்டம் அந்தப் பக்கம் போனதும், பழைய கருவிக்குக் கேம் போட்டவர்கள் கொஞ்சமாகவே அச்சிட்டார்கள். மொழி தேவைப்படாத, கடைசிக் காலத்தில் வந்த கேம் என்றால் விலை ஏறாமல் என்ன செய்யும்?

இதைத் திருப்பிப் போட்டால் உங்கள் பட்டியல் கிடைத்துவிடும். மொழி தேவைப்படுவதும் லட்சக்கணக்கில் விற்றதும் மலிவு. 1994இல் 11,400 யென்னுக்கு வந்த 'ஃபைனல் ஃபேன்டசி VI', 1995இல் அதே விலைக்கு வந்த 'குரோனோ டிரிகர்' இரண்டும் ஜப்பானில் மட்டும் தலா இருபது லட்சத்துக்கு மேல் விற்றவை. வெறும் கேட்ரிட்ஜாக இன்றும் ஆயிரம் யென் அக்கம்பக்கத்தில் கிடைக்கும். டிராகன் குவெஸ்ட் வரிசையும் அப்படியே. வியூக விளையாட்டு, கதை படித்துக்கொண்டே போகும் கேம், குதிரைப் பந்தயம், மாஜாங் எல்லாம் கூடையில் கொட்டிக் கிடக்கும். எழுத்தைப் பார்த்துப் பயணிகள் ஒதுக்கிவைப்பதை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

பெட்டி வேண்டுமா? உங்கள் பட்ஜெட்டுக்கு வேண்டாம். ஒரே கேம், வெறும் கேட்ரிட்ஜாக ஒரு விலை, பெட்டியும் கையேடும் சேர்ந்தால் பல மடங்கு. அந்த அதிகப்படிப் பணம் முழுவதும் காகிதத்துக்குப் போகிறது. சூப்பர் ஃபாமிகாம் பெட்டி மெல்லிய அட்டை. முனை நசுங்கினாலோ வெயிலில் வெளுத்தாலோ விலை பாதியாகும். சென்னையின் புழுக்கத்தில் அதைப் பூஞ்சை பிடிக்காமல் காப்பதென்றால் ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குள் வைக்கும் கேமரா பெட்டி வேண்டும். நாற்பது பெட்டிக்கு அது அலமாரி அளவு. மனதுக்கு மிக நெருக்கமான இரண்டு மூன்று கேமை மட்டும் பெட்டியோடு வாங்குங்கள். இன்னொன்று: ஃபாமிகாம் (இதற்கு முந்தைய கருவி), சூப்பர் ஃபாமிகாம் பெட்டிகள் பெரும்பாலும் பிளாஸ்டிக் உறை சுற்றாமல்தான் தொழிற்சாலையிலிருந்து வந்தன. 'முத்திரை பிரியாதது' என்று பளபளக்கும் உறையோடு யாராவது காட்டினால், உறை கடையில் சுற்றியதாக இருக்கலாம். அதற்கெனத் தனி விலை கொடுக்காதீர்கள்.

காத்திருக்கலாமா என்ற கேள்விக்கு, மேலே சொன்ன மலிவான கேம்களுக்குக் காத்திருந்து ஆவதொன்றுமில்லை. அரிதான கேம்களின் விலை இறங்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. மறுவெளியீட்டையும் பெரிதாக நம்ப வேண்டாம். சன்சாஃப்டின் 'கிம்மிக்!' 1992இல் வந்தது, ஃபாமிகாம் சேகரிப்பில் விலை உச்சத்தில் இருப்பவற்றுள் ஒன்று. 2023இல் இன்றைய கருவிகளுக்கு அதை மறுபடி வெளியிட்டார்கள். ஆடத்தான் ஆசை என்றால் அதில் ஆடிவிடலாம். மூலக் கேட்ரிட்ஜைத் தேடுபவருக்கு வேண்டியது பொருள், கேம் அல்ல.

எங்கே வாங்குவது? அகிஹபாராவின் சூப்பர் பொடேட்டோவையும் நகானோ பிராட்வேயின் மந்தராகேயையும் ஒருமுறை கண்குளிரப் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே வாங்கினால் இடத்துக்கும் சேர்த்துக் காசு. வாராந்திர வேட்டைக்கு சைதாமா, சிபா பக்கத்து ஹார்டு ஆஃப், புக் ஆஃப் கடைகளும், இணையத்தில் சுருகாயாவும் போதும். விலைச்சீட்டு கேட்கும் விலை மட்டுமே. விற்ற விலை என்ன என்பதை யாஹூ ஏலத்தின் முடிந்த ஏலப் பட்டியலிலும், மெர்காரி விற்பனைச் செயலியில் 'விற்றாயிற்று' என்று வடிகட்டியும் பாருங்கள். ஐந்தாறு விற்பனையின் நடு விலையை எடுத்துக்கொள்ளுங்கள். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

விளம்பரத்தில் நான்கு சொற்களைக் கவனியுங்கள். 'ஹாகோ-செட்சு' என்றால் பெட்டியும் கையேடும் உண்டு. 'ஹடாகா' என்றால் வெறும் கேட்ரிட்ஜ். 'டோஸா மிகாகுனின்' என்றால் ஓடுகிறதா என்று பார்க்கவில்லை என்று பொருள். நடைமுறையில், பார்த்தோம், ஓடவில்லை என்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். 'ஜங்கு' என்றால் திருப்பிக் கொடுக்க முடியாது. ஜங்கு கூடையிலிருந்து கேட்ரிட்ஜ் எடுக்கலாம், பெரும்பாலும் செருகும் உலோக முனைகளில் உள்ள அழுக்குதான் பிரச்சினை. கன்சோலை மட்டும் ஜங்கில் எடுக்காதீர்கள். அதை வாங்கும்போது கடைக்காரர் சோதித்து, ஒரு மாதமாவது உத்தரவாதம் தருவதையே எடுங்கள். முதல் மாதப் பணத்தை அதற்கே ஒதுக்கிவிடுங்கள். 1998இல் வந்த சிறிய 'ஜூனியர்' மாடல் பார்க்க அழகு, ஆனால் அதில் எஸ்-வீடியோ வெளியீடு இல்லை. 1990இன் முதல் மாடலில் உண்டு. இன்றைய டிவியில் படம் தெளிவாக வர அது உதவும். மலிவான மஞ்சள்-சிவப்பு-வெள்ளை எச்.டி.எம்.ஐ. மாற்றிகள் பட்டனுக்கும் படத்துக்கும் நடுவே தாமதத்தைக் கொண்டுவரும். ரெட்ரோடிங்க் போன்ற, பழைய கேம் சிக்னலுக்கென்றே செய்த மாற்றியை வாங்குங்கள்.

போலிக்கு வருவோம். ஆயிரம் யென் கேமுக்குப் போலி அடிப்பவர் குறைவு, கட்டுப்படியாகாது. ஐயாயிரத்தைத் தாண்டினால் திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள், அல்லது உள்படம் கேளுங்கள். திறக்க 3.8 மில்லிமீட்டர் சிறப்புத் திருப்புளி முனை வேண்டும். கன்சோலுக்கு 4.5. உள்ளே சர்க்யூட் பலகையில் நிண்டெண்டோ பெயரும், ஆண்டும், எஸ்.எச்.வி.சி. என்று தொடங்கும் எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். ரோம் சிப்பின் முதுகிலும் அதே முன்னெழுத்து. அசல்தானா என்று கன்சோல் சரிபார்க்கும் டி411 என்ற பூட்டுச் சிப்பு பெரும்பாலும் தனியாக உட்கார்ந்திருக்கும். சிப்புக்குப் பதில் கறுப்புப் பிசின் சொட்டு, குறுக்கே ஓடும் மெல்லிய கம்பி, புதிதாக மினுங்கும் ஈயம் ஆகியவை தெரிந்தால் கீழே வைத்துவிடுங்கள். சேமிப்புக்கான மின்கலத்தை மாற்றிய கேட்ரிட்ஜில், அது ஒட்டும் இரண்டு புள்ளியில் மட்டும் புது ஈயம் இருக்கும், அதில் தவறில்லை. வெளி லேபிளை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள், அதை நன்றாகவே நகலெடுக்கிறார்கள். சிடி கேமும் தப்பவில்லை. 1995இல் பிசி என்ஜின் என்ற கருவிக்கு வந்த 'ஸஃபயர்' என்ற கேமின் அச்சுப் போலி பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

வாங்கி வந்ததும் சுத்தம். மருந்துக்கடையில் 'முசுய் எதானோல்' என்று கேட்டால் நீரில்லாத ஆல்கஹால் தருவார்கள். பஞ்சுக்குச்சியில் நனைத்து, முனைகளின் நீளவாட்டில், மேலிருந்து கீழே தேயுங்கள். பக்கவாட்டில் தேய்த்தால் அழுக்கு ஒரு முனையிலிருந்து அடுத்ததற்குப் போகும். பஞ்சு கறுக்காமல் வரும்வரை, நான்கைந்து குச்சி ஆகும். பத்து நிமிடம் உலரவிட்டுச் செருகுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் அரிப்பைத் தொடங்கிவைக்கும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், தங்கப்பூச்சு போய்விட்டால் திரும்ப வராது.

ஆட்டத்தைச் சேமிக்கும் வசதி உள்ள கேமில் பெரும்பாலும் சிஆர்2032 மின்கலம் இருக்கும். முப்பது ஆண்டு ஓடியவற்றையும் பார்க்கலாம், ஆனால் நம்பிக்கை வைக்க முடியாது. மல்டிமீட்டரில் 2.7 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். கழற்றிய கையோடு பழைய சேமிப்பு அழிந்துவிடும், வேண்டுமென்றால் கேட்ரிட்ஜ் ரீடர் கொண்டு முன்பே நகலெடுத்துவிட வேண்டும். தகட்டுக்கால் ஒட்டிவரும் மின்கலமாக வாங்குங்கள். சாதாரண மின்கலத்தின் மேல் நேரடியாகப் பற்றவைத்தால் சூட்டில் வெடிக்கக்கூடும். டேப் போட்டு ஒட்டினால் ஆறு மாதத்தில் இணைப்பு விடும். கழற்றுமுன் கூட்டல் பக்கம் எது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பற்றுகோலை (சால்டரிங் அயர்ன்) 350 டிகிரி செல்சியஸில் வைத்து, ஒவ்வொரு காலிலும் இரண்டு மூன்று நொடிக்கு மேல் நிறுத்தாதீர்கள். மாற்றியதும் புதிதாகச் சேமித்து, ஒரு மணிநேரம் அணைத்துவைத்து மறுபடி பாருங்கள்.

நாற்பதில் பத்தைத் திருப்பி விற்றுச் செலவை ஈடுகட்டலாமே என்று தோன்றும். உங்களுக்காக வாங்கி, ஆடி முடித்ததை விற்பது சரி. விற்பதற்கென்றே பழைய சாமான் வாங்குவது ஜப்பானில் தொழில், அதற்கு 'கொபுட்சுஷோ' உரிமம் வேண்டும். வேலை விசாவில் இருப்பவருக்குக் குடிவரவுச் சிக்கலும் சேரும்.

திரும்பும்போது கேட்ரிட்ஜுகளைக் கைப்பையில் எடுங்கள், உதிரி மின்கலங்களும் அதிலேயே. ரசீதுகளை வைத்துக்கொள்ளுங்கள், சுங்கத்தில் கேட்டால் காட்டலாம். ஒரே கேமில் ஐந்து பிரதி இருந்தால் சொந்த உபயோகம் என்று சொல்வது கடினம். கன்சோலின் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது. வடிவம் மாற்றும் பிளக் முனை மின்னழுத்தத்தைக் குறைக்காது, சென்னை வீட்டில் அப்படியே செருகினால் அடாப்டர் கருகும். 230-ஐ 100 ஆக்கும் 50 வாட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்குங்கள். அல்லது அதை அங்கேயே விட்டுவிட்டு, இங்கே 9 வோல்ட், 1 ஆம்பியர் நேர்மின்னோட்ட (டிசி) அடாப்டர் வாங்கலாம். முனையின் நடுப்பகுதி கழித்தலாக இருக்க வேண்டும். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பதில் நடுப்பகுதி பெரும்பாலும் கூட்டல், எனவே லேபிளில் உள்ள வட்டக் குறியைப் பார்த்த பிறகே காசு கொடுங்கள்.