எல்லா அட்டையையும் எடுத்து வாருங்கள்

மருந்தாளுநர் பதில்கள்: சர்க்கரை, பிரஷர், தைராய்டு மாத்திரைகள் பற்றி வாசகர்கள் கேட்டவை

அப்பாவுக்கு 68 வயது. சர்க்கரைக்கு ஒருவர், பிரஷருக்கு ஒருவர், முழங்கால் வலிக்கு ஒருவர் என மூன்று டாக்டர்களிடம் காட்டுகிறோம். நாளைக்குப் பதினொரு மாத்திரை. சீட்டு மட்டும் போதாது, வீட்டில் இருக்கும் எல்லா அட்டையையும் கொண்டு வாருங்கள் என்கிறார் மருந்துக்கடைக்காரர். எதற்கு?
வாசகி, திண்டுக்கல்

நல்ல கடைக்காரர், விட்டுவிடாதீர்கள். மூன்று டாக்டர்களும் பெரும்பாலும் அவரவர் எழுதிய சீட்டைத்தான் பார்க்கிறார்கள். மூன்றும் ஒரே மேஜைக்கு வருவது மருந்துக்கடையில்தான்.

முதலில் தேடுவது, ஒரே மருந்து இரண்டு பெயரில் உள்ளே போகிறதா என்று. சர்க்கரைக்கான கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரையைப் புதிதாக எழுதியிருப்பார்கள். பழைய மெட்ஃபார்மின் அட்டையும் டப்பாவில் கிடக்கும், அப்பா இரண்டையும் போட்டுக்கொள்வார். பிரஷர் மாத்திரையான டெல்மிசார்ட்டனிலும் இதே கதை. தனியாக வரும், அம்லோடிபினோடு சேர்ந்து வரும், சிறுநீரைக் கூட்டும் நீர் மாத்திரையான ஹைட்ரோகுளோரோதையசைடோடு சேர்ந்தும் வரும். பிராண்ட் பெயரின் வால் எழுத்து மட்டும் ‘ஏஎம்’, ‘எச்’ என்று மாறும். அட்டை அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கும்.

அடுத்தது முழங்கால் மாத்திரை. அசெக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் எல்லாமே பிரஷரை ஏற்றக்கூடியவை. டெல்மிசார்ட்டன், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. வடிகட்டிக்குள் ரத்தம் வரும் குழாயை வலி மாத்திரை சுருக்குகிறது. வெளியேறும் குழாயை டெல்மிசார்ட்டன் விரிக்கிறது. நீர் மாத்திரை உடம்பின் நீரைக் குறைக்கிறது. வடிகட்டத் தேவையான அழுத்தமே இல்லாமல் போய், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறுகிறது. வயிற்றுப்போக்கு நாளிலும் கத்திரி வெயிலிலும் இது வேகமாக நடக்கும். பாராசிட்டமாலோ மேலே தடவும் ஜெல்லோ போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மாத்திரையின் பக்கவிளைவுக்கே இன்னொரு மாத்திரை வந்து சேர்வதும் உண்டு. அம்லோடிபினால் கணுக்கால் வீங்கும், அதற்கு நீர் மாத்திரை எழுதப்படும். எனலாப்ரில், ராமிப்ரில் தரும் வறட்டு இருமலுக்கு மாதக்கணக்கில் சிரப் ஓடும். பல வருடம் மெட்ஃபார்மினும் கேஸ் மாத்திரையும் சேர்ந்து போட்டால் பி12 குறையலாம். அதனால் வரும் கால் மரமரப்பைச் சர்க்கரை நரம்புக் கோளாறு என்றே எல்லோரும் நினைத்துவிடுவார்கள்.

அட்டைகளோடு கண் சொட்டு, இன்ஹேலர், சூரணம், கடைசியாக எடுத்த கிரியாட்டினின், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியான எச்பிஏ1சி அறிக்கை எல்லாம் பையில் இருக்கட்டும். மருந்தின் மூலப்பெயர், மில்லிகிராம், வேளை, எதற்காக, எழுதியது யார் என்று ஒரே தாளில் பட்டியல் வாங்கிக்கொள்ளுங்கள். சந்தேகமானதை மருந்தாளுநர் குறித்துத் தருவார். நிறுத்துவதா மாற்றுவதா என்பது டாக்டர் முடிவு. மாலை ஏழு மணிக் கூட்டத்தில் போய்க் கேட்டால் யாராலும் பொறுமையாகப் பார்க்க முடியாது. பிற்பகலில் போங்கள்.

அம்மா குப்பி இன்சுலின் போடுகிறார், காலை 20 யூனிட். ஊசி தீர்ந்து வேறு கடையில் வாங்கினோம். அதிலிருந்து சர்க்கரை 300-க்குக் கீழே இறங்கவில்லை. இன்சுலின் கெட்டுப்போயிருக்குமா?
வாசகர், தென்காசி

முதலில் ஊசியின் மூடி என்ன நிறம் என்று பாருங்கள். நம்மூரில் பரவலாகக் கிடைக்கும் 10 மி.லி. மனித இன்சுலின் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குரிய ஊசிக்குச் சிவப்பு மூடி, மேலே ‘40’ என்று அச்சிட்டிருக்கும். ஆரஞ்சு மூடி ஊசி மில்லிக்கு 100 யூனிட் இன்சுலினுக்கு உரியது. அதில் 20 கோடு வரை இழுத்தால் 0.2 மில்லிதான் வரும். 40 யூனிட் குப்பியிலிருந்து இழுத்திருந்தால் அம்மாவுக்குக் கிடைப்பது 8 யூனிட்.

தலைகீழாக நடந்தால் உயிருக்கே ஆபத்து. இன்சுலின் பேனாவின் கார்ட்ரிட்ஜில் மில்லிக்கு 100 யூனிட் இருக்கிறது. பேனா பழுதாகிவிட்டது என்று சிவப்பு மூடி ஊசியால் அதிலிருந்து 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். கார்ட்ரிட்ஜிலிருந்து ஊசியால் இழுக்கவே கூடாது. வாங்கும்போது குப்பியையும் ஊசியையும் பக்கத்தில் வைத்து எண்ணை ஒப்பிடுங்கள்.

ஊசியை மாற்றும் நாளில், சர்க்கரை ஏறியிருந்ததால் டாக்டர் இடையில் அளவைக் கூட்டினாரா என்றும் யோசியுங்கள். கூட்டியிருந்தால் சரியான ஊசியில் அந்த அளவு மிக அதிகம். அவரிடம் பேசிவிட்டுப் போடுங்கள்.

ஊசி சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் சேமிப்பு. திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரியில், ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் இருக்க வேண்டும். ஃப்ரீஸர் ஓரத்தில் உறைந்துபோனதை, இளகிய பிறகும் போடக்கூடாது. திறந்ததைப் பொதுவாக 28 நாளுக்குள் முடிக்க வேண்டும். சில வகைக்கு நாள் மாறும், அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பாருங்கள். திறந்த தேதியைக் குப்பியிலேயே எழுதுங்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் பெரிய மண்பானைக்குள் ஈரமணல் பரப்பி, அதில் சின்னப் பானை வைத்து, அதற்குள் குப்பியை வைத்து மூடலாம். மணல் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பால்போல் கலங்கிய வகை என்றால் உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டி, பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கினால் நுரை வந்து அளவு குறையும். ஒரே இடத்தில் போட்டுப்போட்டுத் தடித்த தோலில் இன்சுலின் ஒழுங்காக ஏறாது. விரலால் தடவிப் பார்த்து, கட்டி தென்பட்டால் அந்த இடத்தை விட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு விரற்கடை தள்ளிப் போடுங்கள்.

சர்க்கரை குறைந்து வேர்த்து நடுங்கியபோது சீனி வாயில் போட்டும் உடனே தெளியவில்லை. ஏன்?
வாசகர், நாகப்பட்டினம்

உங்கள் மாத்திரையில் வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் சேர்ந்திருக்கிறதா பாருங்கள். குடலில் சீனியை உடைக்கும் வேலையை அவை தாமதப்படுத்துகின்றன. அதனால் கைவசம் குளுக்கோஸ் பொடிதான் இருக்க வேண்டும். 15 கிராம், அதாவது சுமார் மூன்று தேக்கரண்டி, அரை டம்ளர் தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடம் கழித்து அளந்து, 70-க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை. தெளிந்ததும் ஏதாவது சாப்பிட்டாக வேண்டும். கிளிமிபிரைட் போடுபவர்களுக்கு, அது நீண்ட நேரம் வேலை செய்வதால் மறுபடியும் இறங்கலாம். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

பிரஷர் 110-க்கு வந்துவிட்டது, பாதி மாத்திரை போதும் என்று மருந்துக்கடையில் சொன்னார்கள். செய்யலாமா?
வாசகி, சேலம்

கூடாது. இங்கே மருந்தாளுநருக்கு அளவை மாற்றும் அதிகாரம் இல்லை. சில நாடுகளில், டாக்டரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் கீழ் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸில் கறுப்பின ஆண்கள் முடிவெட்டும் கடைகளுக்கே மருந்தாளுநர்கள் போய் பிரஷர் மருந்தைக் கூட்டிக் குறைத்தார்கள். 2018-இல் வெளியான அந்த ஆய்வில் 319 பேர். ஆறு மாதத்தில் மேல் அளவு சராசரியாக 27 புள்ளி இறங்கியது. வெறும் அறிவுரை கேட்டவர்களுக்கு 9 புள்ளிதான். ஆனால் அந்த மருந்தாளுநர்கள் தனிப் பயிற்சி பெற்றவர்கள், எழுதி வைத்த நெறிமுறையைப் பின்பற்றினார்கள், ரத்தப் பரிசோதனையும் கூடவே நடந்தது. கவுன்டரில் போகிறபோக்கில் சொல்வது அதில் சேராது.

மாத்திரை வேலை செய்வதால்தான் 110 வந்திருக்கிறது. எழுந்தால் தலைசுற்றுகிறது என்றால் மட்டும் உடனே டாக்டரைப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்து எழுதுங்கள்: காபி குடித்து அரை மணி கழித்து, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பேசாமல், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. அந்தத் தாளைக் காட்டினால் டாக்டருக்கு முடிவெடுக்க எளிது. இன்னொன்று: டெல்மிசார்ட்டன் ஈரத்தை இழுக்கும். வாரப்பெட்டியில் முன்கூட்டியே உரித்துப் போடாமல், விழுங்கும்போது உரியுங்கள்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் மாத்திரையும் தனியார் மாத்திரையும் ஒன்றுதானா?
வாசகர், கிருஷ்ணகிரி

மூலப்பெயரும் மில்லிகிராமும் ஒன்றென்றால் ஒன்றுதான். நிறம், வடிவம் மாறியதால் வீரியம் குறைந்துவிடாது. 2025 முதல் இயங்கும் முதல்வர் மருந்தகங்களின் ஜெனரிக் மாத்திரைக்கும் இதுவே பதில். இரண்டையும் சேர்த்துப் போடுவதுதான் நாங்கள் அடிக்கடி பார்க்கும் தவறு. வலிப்புக்கான ஃபெனிட்டாயின், ரத்தம் உறையாமல் தடுக்கும் அசெனோகுமரால், தைராய்டுக்கான தைராக்ஸின் போன்றவற்றில் மட்டும் கம்பெனியை அடிக்கடி மாற்றாதீர்கள். மாற்றினால் டாக்டருக்குச் சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனை தேவைப்படும்.

தைராய்டு மாத்திரை போட்டதும் காபி குடிக்கலாமா?
வாசகி, மதுரை

வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கு நான்கு மணி இடைவெளி வேண்டும். அளவு மாறினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பாருங்கள். அதற்கு முன் பார்ப்பது காசுக்குக் கேடு.