டாங்கி காங் எப்படி உருவானது? அதன் 22-ஆம் நிலையை ஏன் கடக்க முடிவதில்லை?

ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோ 1981-இல் வெளியிட்ட டாங்கி காங் என்ற வீடியோ விளையாட்டு, ஒரு தோல்வியிலிருந்து பிறந்தது. ரேடார் ஸ்கோப் என்ற சுடும் விளையாட்டுக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட இயந்திரங்களில் ஏறத்தாழ 2000 விற்காமல் தேங்கிவிடவே, அவற்றில் வேறொரு விளையாட்டைப் பொருத்தும் பொறுப்பு இளம் ஓவியரான ஷிகெரு மியாமோட்டோவிடம் ஒப்படைக்கப்பட்டது. நிறுவனத்தின் மூத்த பொறியாளர் குன்பெய் யோகோய் மேற்பார்வையிட்டார்.

பிற்காலத்தில் மாரியோ என்று புகழ்பெற்ற தச்சன், குரங்கு உருட்டிவிடும் பீப்பாய்களைத் தாவிக் கடந்து, ஏணிகளில் ஏறி, கடத்தப்பட்ட பெண்ணை மீட்க வேண்டும். 25 மீட்டரில் தொடங்கி 100 மீட்டர் வரை நான்கு அரங்குகள் உள்ளன. சுத்தியல் கையில் இருக்கும்வரை பீப்பாய்களை உடைக்கலாம், ஆனால் தாவவோ ஏணி ஏறவோ முடியாது. இந்த விளையாட்டின் மிக நுட்பமான விதி இதுவே என்பேன்.

22-ஆம் நிலையில் குறுக்கிடுவது குரங்கன்று, கணக்கு. நிலையின் எண்ணோடு 4-ஐக் கூட்டிப் பத்தால் பெருக்கி நேரம் கணக்கிடப்படுகிறது. இங்கு விடை 260. எட்டு பிட் நினைவகத்தில் 255-க்கு மேல் கொள்ளாது, 256 வந்ததும் எண்ணிக்கை மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்பதால் எஞ்சுவது 4 மட்டுமே. எனவே உச்சியை அடையுமுன்பே நேரம் தீர்ந்து, தச்சன் இறந்துவிடுகிறான்.