'குணா' படத்தின் தாக்கம் இன்றைக்கும் இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் 'கண்மணி அன்போடு' பாட்டு, கொடைக்கானல் குகை என்று எதிர்பார்த்து நீங்கள் கேட்டிருந்தால், அதைச் சொல்ல வேறு ஆள் வருவார்கள். நான் எங்கள் சித்தப்பாவைப் பற்றிச் சொல்கிறேன்.

1991 தீபாவளிக்கு 'தளபதி'யும் 'குணா'வும் ஒரே நாளில் வந்தன. நாங்கள் திண்டுக்கல். அப்பா எங்களைத் தளபதிக்குத்தான் கூட்டிப் போனார். குணாவைத் தெருப் பையன்கள் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒரே வாரத்தில் சித்தப்பாவுக்குப் பெயர் மாறிவிட்டது.

சித்தப்பாவுக்கு அப்போதே மனநோய்க்கு மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலமானால் வாசல் வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பார், வாய் ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். படத்தில் மனநோயாளி குணாவாக வரும் கமல் அறையைச் சுற்றி வந்தபடி பேசுவார், வேணுவின் கேமராவும் கூடவே சுற்றுமே, அதைப் பார்த்த பையன்களுக்கு வேறென்ன வேண்டும்? கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்து, படத்தில் குணா தேடும் பெண்ணின் பெயரை 'அபிராமி... அபிராமி...' என்று இழுத்து இழுத்துச் சொல்வார்கள்.

கமல் ரசிகர்கள் சண்டைக்கு வராதீர்கள், நானும் ரசிகன்தான். பிற்பாடு பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். இயக்கிய சந்தான பாரதியோ வசனம் எழுதிய பாலகுமாரனோ அந்தப் பாத்திரத்தை எங்கேயும் கேலி செய்யவில்லை. பெயர் வைத்தது எங்கள் தெருதான்.

தெரு என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்க முடியாது. ஒருநாள் நானும் சொன்னேன். ஏழாம் வகுப்பு. கூட நாலு பேர் இருந்தார்கள், சொல்லாவிட்டால் என்னையும் சேர்த்து ஓட்டுவார்கள். சித்தப்பா நடையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். கோபமே இல்லை.

"அபிராமி யாருடா? எல்லாரும் தேடுறீங்க?"

அவர் படம் பார்க்கவில்லை. எனக்குப் பதில் வரவில்லை, வீட்டுக்குள் ஓடிவிட்டேன்.

கேட்டது சினிமா, இருந்தாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு உதவித்தொகை வாங்க ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை அலைந்தோம். முதல் முறை ஃபோட்டோ சரியில்லை. இரண்டாம் முறை கையெழுத்துப் போடுகிறவர் லீவு. மூன்றாம் முறை தலைவாரி, சலவைச் சட்டை போட்டுக் கூட்டிப் போனோம். "ஆளு நல்லாத்தானே இருக்காரு" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தெருவுக்கு அவர் பைத்தியம், ஆபீசுக்கு நல்ல ஆள். எங்கே போய் முட்டிக்கொள்வது?

2009-ல் இறந்தார். ஐஸ் பெட்டி கொண்டுவந்த வேன் டிரைவர் தெருமுனையில் நின்று சித்தப்பாவின் முழுப் பெயரைச் சொல்லி விசாரித்திருக்கிறார், யாருக்கும் தெரியவில்லை. "சாவு வீடுங்க" என்றதும், "ஓ, குணா வீடா" என்று கை காட்டினார்களாம்.

2024-ல், குணா குகையில் விழுந்தவனை நண்பர்கள் மீட்கும் மலையாளப் படம் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்த கையோடு ஆபீசில் கொடைக்கானல் டூர் போட்டார்கள். டெவில்ஸ் கிச்சன் என்ற பழைய பெயரை அங்கே யார் சொல்கிறார்கள்? எல்லோருக்கும் குணா குகைதான். வேர்கள் பின்னிக் கிடக்கிற மண்ணில் நின்று, கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு, ரீல்ஸுக்காக எங்கள் டீம் மொத்தமும் பள்ளத்தைப் பார்த்து 'அபிராமீ' என்று கத்தியது. என்னையும் கத்தச் சொன்னார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.