தோட்ட வேலைக்கு ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வாங்கலாமா?

வால்பாறைப் பக்கத்துக் காப்பித் தோட்டத்தில் உரமூட்டை ஏற்ற, பின்சக்கர இயக்கமுள்ள பிக்கப் போதுமா, நான்கு சக்கரங்களும் இயங்கும் 4×4 வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வண்டி ஆண்டுக்கு எத்தனை நாள் ஈரமண்ணில் ஏறவேண்டும் என்பதே கணக்கு. பின்சக்கர வண்டி பெரும்பாலும் காலியாகத் திரும்பும்போதுதான் திணறும். பாரமில்லாத பின்சக்கரங்கள் தென்மேற்குப் பருவமழையில் ஊறிய ஏற்றத்தில் சுழன்றுகொண்டே நிற்க, முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் வண்டி லோ கியரில் கிளட்ச் கருகாமல் ஏறிவிடும். இறக்கத்தில் அதே லோ கியர் பிரேக்கையும் காப்பாற்றும் என்பது பலர் கணக்கில் சேர்க்காத லாபம்.

செலவு வாங்கும் விலையோடு நிற்காது. இன்ஜின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துத்தரும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும், வளைவில் இரு முன்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் முன்பக்க டிஃபரென்ஷியலுக்கும் தனி ஆயில், சீல். எடை கூடுவதால் டீசலும் கூடும். நான்கு டயர்களும் ஒரே அளவில் தேய்ந்திருக்க வேண்டும். முன், பின் அச்சுகளுக்கு இடையே அதே வேலையைச் செய்யும் சென்டர் டிஃபரென்ஷியல் இல்லாத வண்டியைக் காய்ந்த தார்ச்சாலையில் 4×4-இல் ஓட்டினால், வளைவுகளில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருண்டு, உள்ளே முறுக்கேறும். 4×4 லிவர் திரும்பி வராமல் அடம்பிடிப்பது அதன் அடையாளம் (கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் பெரும்பாலும் விட்டுவிடும்).

சிக்கல் ஆண்டுக்கு நாலைந்து நாள்தான் என்றால், நல்ல மண்பாதை டயர்களும் பக்கத்துத் தோட்டத்து டிராக்டரும் போதும் என்பது என் கருத்து. பழைய 4×4 என்றால், முன்சக்கரங்களின் நடுவிலுள்ள ஹப்பைச் சுற்றி எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.