ஊடகங்கள் எல்லாம் பக்கச்சார்பாக இருக்கும்போது எந்தச் செய்தியை நம்புவது?

கேள்வி: இலங்கையில் ஒரே சம்பவத்தை நான்கு ஊடகங்கள் நான்கு விதமாக எழுதுகின்றன. ஊர் நிலவரம் அறிய எதை நம்புவது?

நீங்கள் வெளிநாட்டில் இருந்துகொண்டு, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் இணைப்புகளைப் பார்த்துக் குழம்பித்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சானும் மாதம் ஒரு முறையாவது இதையே கேட்பார். பத்திரிகையின் பெயரைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அந்தச் செய்தியை முதன்முதலில் சொன்ன வாய் எது, அந்த ஆள் சம்பவ இடத்தில் நின்றாரா என்று தேடுங்கள் என்பதே அவருக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில். இதைச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று சிலர் கேட்கக்கூடும். பிழையான செய்தி ஒன்றை ஒரே இரவில் பலரை நம்பவைத்தவன் நான். அதைத் தவிர வேறு தகுதி கிடையாது.

ஆசிரியத் தொழிலோடு சேர்த்து 11 ஆண்டுகள் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு மட்டக்களப்பிலிருந்து பகுதிநேர நிருபராக எழுதினேன். வீடு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில், வயலும் உறவுகளில் பாதியும் மேற்கே படுவான்கரையில். ஒரு மார்கழி மாதம், மூன்று நாட்களாக மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தபோது, உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள் என்று அந்தப் பக்கம் வயல் செய்யும் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். மழை இரைச்சலில் ‘ஆறு’ என்ற சொல் மட்டும்தான் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கதவு திறந்த அளவாக அவர் சொன்னது ஆறு அங்குலம். நான் எழுதியது ஆறு அடி. திரும்ப அழைத்துக் கேட்டிருக்கலாம். ஆனால் நாலு மணிக்குள் ஆசிரிய பீடத்துக்குச் செய்தி போய்ச் சேராவிட்டால் மறுநாள் இதழில் இடம் இல்லை, அச்சில் வராத செய்திக்குக் காசும் இல்லை. அந்தக் காசும் தொலைபேசிக் கட்டணத்துக்கே காணாது என்பது வேறு கதை. ஆனால், ஆறு அங்குலம் செய்தியாகாது, ஆறு அடி செய்தியாகும் என்ற கணக்கு ஒரு பகுதிநேர நிருபரின் காதுக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

ஐந்து மணிக்குப் பத்திரிகையின் இணையத்தளத்தில் செய்தி ஏறியது. எட்டு மணிக்குள் வேறு இரண்டு இணையத்தளங்களிலும் ஒரு வானொலியின் இரவுச் செய்தியிலும் வந்துவிட்டது. லண்டனில் இருந்து இயங்கும் ஒரு தளம் ‘எமது மட்டக்களப்புச் செய்தியாளர்’ அறிவித்ததாகவே போட்டிருந்தது. அவசரத்தில் நான் ஆயித்தியமலை என்ற ஊரின் பெயரை ‘ஆயத்தியமலை’ என்று எழுதியிருந்தேன். மூன்று தளங்களிலும் அதே எழுத்துப் பிழை. மச்சான் அழைத்து, “நாலு இடத்தில ஒரே மாதிரி வந்திருக்கு, பிழையாகவா இருக்கும்?” என்றார். அந்த நாலு இடமும் நான் ஒருவன்தான் என்று அவருக்குச் சொல்ல அப்போது எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்றிரவு வவுணதீவுப் பக்கம் இருந்த என் மாமி, வருடச் சாப்பாட்டுக்கென்று வைத்திருந்த 18 மூடை நெல்லையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுபோனார். தறப்பாள் பாதிக்குத்தான் போதியது. ஆற்று வெள்ளம் அவருடைய வளவுக்கு வரவேயில்லை. நெல்லில் பாதி மழையில் நனைந்து முளைத்துப் போனது. “நீ எழுதினதெண்டு நம்பித்தானே மனே ஏத்தினன்” என்று அவர் சொன்னதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. நான் கேட்டுக்கொண்டபடி திருத்தம் வெளியானது உண்மை. மூன்று நாள் கழித்து, உட்பக்கத்தின் அடியில், மரண அறிவித்தல்களுக்கு மேலே நான்கு வரியில். மற்றவர்கள் அதைக்கூடப் போடவில்லை.

இதை வாசித்துவிட்டு, ஊர் நிருபர்கள் எல்லோரும் இப்படித்தான், பெரிய சர்வதேச ஊடகங்களை நம்பினால் போதும் என்று யாராவது முடிவுகட்ட வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு கல்முனை மருத்துவமனையில் 81ஆவதாகச் சேர்க்கப்பட்ட கைக்குழந்தைக்கு ஒன்பது தாய்மார் உரிமை கோருகிறார்கள் என்று உலகம் முழுவதும் எழுதினார்கள். முறைப்படி உரிமை கோரியது ஒரேயொரு தம்பதியினர்தான் என்பது பின்னர் தெரியவந்தது; 2005 பெப்ரவரியில் மரபணுப் பரிசோதனை அவர்களே பெற்றோர் என்று உறுதிசெய்தது. அந்த நாட்களில் எங்கள் கரையோரத்தில் வெளிநாட்டு நிருபர்களுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. இருந்தும் ஒருவர் சொன்ன ஒன்பதை மற்றவர்கள் எண்ணிப் பார்க்காமல் அனுப்பினார்கள், நான் ஆறு அடியை அனுப்பியதைப் போலவே.

காணொளியே இருக்கிறதே என்பீர்கள். 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில், கறிக்குள் கிடந்த மாவுக் கட்டியைக் காட்டி, அது மலட்டு மாத்திரை என்று சொல்லிக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. சிங்களம் சரியாகத் தெரியாத கடைக்காரர் தடுமாறிச் சொன்ன பதில், ஒப்புதல் வாக்குமூலமாக முகநூலில் பரவியது. அன்றிரவு கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாச்சத்து என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை பின்னர் வந்தது. அதற்கிடையில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையில் கண்டிப் பக்கத்துத் திகனவும் எரிந்து, அரசாங்கம் சமூக வலைத்தளங்களையே சில நாட்கள் முடக்கியிருந்தது. முகநூல் நிறுவனம் வருத்தம் தெரிவித்ததோ 2020இல். படம் பொய் இல்லை. அதன் மேல் ஏற்றி வைத்த பொருள்தான் பொய். கடைக்காரரின் தமிழையும் கூட்டத்தின் சிங்களத்தையும் சேர்த்துக் கேட்கத் தெரிந்த ஒருவருக்கு அது அப்போதே விளங்கியிருக்கும். அதனால்தான், எங்கள் பகுதிக் கலவரச் செய்தி எதையும் ஒரு மொழியில் மட்டும் வாசித்து நம்புவதை நான் நிறுத்திவிட்டேன். என் சிங்களம் அரைகுறை. அம்பாறையில் வேலைசெய்த நண்பர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுப்பேன்.

பக்கச்சார்பைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு என் கருத்து உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். தெரிந்த சார்பு எனக்குப் பெரிய தொல்லையாகத் தெரிவதில்லை. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர், தினகரனை வெளியிடும் லேக் ஹவுஸ் நிறுவனம் அரசின் கைக்கு வந்தது. அரசாங்கம் மாறினால் தினகரன் தலைப்புகளின் தொனியும் மாறும் என்பதை என் வயதுக்காரர்கள் வீட்டுக்குள் பேசிப் பேசியே வாசித்தோம். பரீட்சைத் திகதிக்கும் அரச அறிவித்தலுக்கும் அதையே வாங்கினோம், அரசியலுக்கு வேறொன்றைப் பார்த்தோம். தொல்லை தருவது பயத்தின் சார்பு. வீரகேசரியின் மட்டக்களப்பு நிருபர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 அன்று இந்த நகரத்தில் வைத்தே சுட்டுக் கொல்லப்பட்டார். மட்டக்களப்பில் பிறந்த பத்திரிகையாளர் தராக்கி சிவராம் அடுத்த ஆண்டு ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். அதன் பிறகு நாங்கள் ‘இனந்தெரியாதோர்’ என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொண்டு எழுதினோம். இனம் யாருக்கும் தெரியாமல் இல்லை. அந்தக் காலத்துச் செய்திகளில் பொய் குறைவு, ஆனால் விட்டுப்போனது அதிகம். இன்றும் ஒரு காணிப் பிணக்கு, ஒரு மணல் அகழ்வு பற்றிய செய்தியில் ஆள் பெயரே இல்லாமல் ‘சிலர்’ என்று வந்தால், அந்தச் ‘சிலர்’ யார் என்று ஊரில் இருப்பவரிடம் கேட்டுவிடுங்கள்.

எண்களை மாற்றுகிறவரைப் பொய்யர் என்று உடனே தள்ளிவிடவும் வேண்டாம். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளில் எங்கள் சியோன் தேவாலயமும் தாக்கப்பட்டது. நாடு முழுவதும் இறந்தோர் 359 என்று முதலில் அறிவித்தவர்கள், நான்காம் நாள் அதை ஏறத்தாழ 253 என்று குறைத்தார்கள். ‘மறைக்கிறார்கள்’ என்று மச்சான் கொதித்தார். உடல்கள் சிதைந்திருந்ததால் சில இரண்டு தடவை எண்ணப்பட்டன என்று காரணத்தோடு சொன்னபோதுதான் எனக்கு அந்த எண்ணில் நம்பிக்கை பிறந்தது. என் ஆறு அடியை அன்றிரவே இப்படிக் குறைத்துச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் மாமியின் நெல் மிஞ்சியிருக்கும்.

மாமி இப்போதும் அதே வளவில்தான் இருக்கிறார். மார்கழியில் மழை பிடித்தால் முதலில் குளத்துப் பக்கம் மாட்டுப்பட்டி வைத்திருக்கும் ஒருவரை அழைத்து, தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று கேட்பார். அடுத்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117. மூன்றாவதாகத்தான் எனக்கு எடுப்பார், அதுவும் நான் சாப்பிட்டேனா என்று கேட்க.