குமரி மாவட்டக் காணிப் பழங்குடி மக்களுக்கு மருத்துவ வசதி கிடைக்க அரசு எதை மாற்ற வேண்டும்?

கேட்டவர் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார் போலிருக்கிறது. 'விழிப்புணர்வு முகாம்' என்று எழுதினால் மதிப்பெண் விழும், பேச்சிப்பாறை அணைக்கு மேலே மலையில் உள்ளவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

முதலில் தலைக்கணக்கை விட வேண்டும். துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலை மற்றும் பழங்குடிப் பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று. சலுகை மாதிரி தெரியும். ஆனால் 3,000 பேரைச் சேர்க்க எத்தனை காணிக் குடியிருப்புகளைக் கூட்ட வேண்டும்? அணைக்கு அக்கரையில் இருப்பவர்களுக்குப் படகு வேறு. வந்துசேர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் அளவாக இருக்க வேண்டும்.

பாம்புக்கடியையே பாருங்கள், அதில் நேரம்தான் முக்கியம். கடிபட்டவரின் 2 மி.லி. ரத்தத்தைக் காய்ந்த புதுக் கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது. பிளாஸ்டிக் குழாயோ சோப்புப் போட்டுக் கழுவிய குழாயோ என்றால் நல்ல ரத்தமும் உறையாமல் போகலாம். விஷமுறிவு மருந்து முதல் தவணைக்கே சுமார் 10 குப்பி வேண்டும். ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலினும் பக்கத்தில் இருக்க வேண்டும். தூள் வடிவ மருந்துக்கு ஃபிரிட்ஜ் தேவையில்லை, அதனால் 'மலையில் கரண்ட் இல்லை' என்ற சாக்கு எடுபடாது. இன்னொன்று: மலையிலும் ரப்பர் தோட்டங்களிலும் கிடக்கும் கூம்புமூக்குக் குழிவிரியனுக்கு நம் நாட்டு மருந்து வேலை செய்யாது. குப்பி குப்பியாக ஏற்றி நேரத்தைக் கழித்தால் சிறுநீரகம் போய்விடலாம். டயாலிசிஸ் தேவைப்படலாம் என்று சொல்லி ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவதே சரி.

காணி வைத்தியத்தை மட்டம் தட்டுகிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையை ஆய்வாளர்களுக்கு அடையாளம் காட்டியதே காணிகள்தான். விஷக்கடிக்குப் பச்சிலை கட்டிக் காத்திருக்க வேண்டாம் என்பது மட்டுமே என் பேச்சு.

கட்டடம் கட்டக் காட்டிலாகா விடாது என்பார்கள். 2006 வன உரிமைச் சட்டம் பிரிவு 3(2)-ஐப் படியுங்கள். அரசு நடத்தும் மருந்தகம், அங்கன்வாடி, சாலைக்கெல்லாம் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், கிராம சபை பரிந்துரையோடு நிலம் தரலாம். கோப்பு நகராததற்குக் காரணம், மக்கள் மனு போடுகிறார்கள், விண்ணப்பிக்க வேண்டிய சுகாதாரத் துறை சும்மா இருக்கிறது. சபைத் தீர்மானத்தில் இடத்தின் அளவையும் மர எண்ணிக்கையையும் எழுதி, துறையை விண்ணப்பிக்க வையுங்கள்.