அடுப்படிக் கேள்விகள்: ஒரே குக்கர், ஆறு பேர்

பயறு, பருப்பு, காய் என்று ஒரே பக்கமாகக் கேள்விகள் வந்து குவிந்துவிட்டதால், ஊறுகாய்க் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். மாவடுக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அக்கா, எங்கள் வீட்டில் ஆறு பேர். மாமியாருக்குச் சர்க்கரை. மாமனாருக்குப் பல் இல்லை. பிள்ளைகள் இரண்டுக்கும் காரம் ஆகாது, வீட்டுக்காரருக்கோ காரம் இல்லாவிட்டால் சோறு இறங்காது. மூன்று விதமாகச் சமைத்து முடிப்பதற்குள் பொழுது போய்விடுகிறது. ஒரே சமையலில் முடிக்க வழி உண்டா?
– வாசகி, செல்லூர்

உண்டு. தனித்தனியாக வைக்காதீர்கள், ஒன்றாக வைத்து நடுவில் பிரித்து எடுங்கள். காரமும் புளியும் கடைசியில்தானே விழப்போகிறது, அதுவரைக்கும் ஆறு பேருக்கும் ஒரே குக்கர்தான்.

தட்டைப்பயறும் கத்தரிக்காயும் வைத்துச் சொல்கிறேன். ஆறு பேருக்குக் கால் கிலோ பயறு போடுங்கள். அவ்வளவா என்று நினைப்பீர்கள். ஆளுக்கு 40 கிராம்தான் வருகிறது, அதில் புரதம் சுமார் 9 கிராம். நம் வீடுகளில் ஒரு கைப்பிடியைப் போட்டுவிட்டு அதற்குப் பயற்றுக் குழம்பு என்று பெயர் வைத்துவிடுகிறோம், கரண்டியை விட்டுத் துழாவினால்தான் பயறு அகப்படும். ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குப் பருப்பு, முட்டை, கறி எல்லாம் சேர்த்து 85 கிராம், கீரையோடு சேர்த்துக் காய்கறி 400 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். அந்த 400 கிராமைத் தராசில் வைத்துப் பாருங்கள், நாம் இலை ஓரத்தில் வைக்கிற ஒரு கரண்டி வெஞ்சனம் பக்கத்திலேயே வராது.

பயறை வெறும் சட்டியில் வாசனை வருகிற வரை வறுத்துக் கழுவி, இரண்டு மணி நேரம் ஊற வைத்து, மஞ்சள்தூளும் நாலைந்து பல் பூண்டும் போட்டு மூன்று விசில் விடுங்கள். பயறு மலர்ந்திருக்க வேண்டும், கரைந்துவிடக் கூடாது. மூடியைத் திறந்து, வெந்த தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்துத் தனியே வையுங்கள், அது ரசத்துக்கு. அப்புறம் முக்கால் கிலோ கத்தரிக்காயை நறுக்கிப் போட்டு, உப்பையும் போட்டு, மூடாமல் வேக விடுங்கள். காய் குழைந்ததும் பாதியைச் சின்னச் சட்டிக்கு மாற்றி, மத்தால் நாலு கடை கடைந்து, நெய்யில் சீரகம் தாளித்துக் கொட்டினால் மாமனாருக்கும் பிள்ளைகளுக்கும் முடிந்தது. மீதிப் பாதியில் மிளகாய்த்தூள், மல்லித்தூள், புளிக்கரைசல் விட்டுப் பச்சை வாசம் போகக் கொதிக்க வைத்து, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்தால் புளிக்குழம்பு. வீட்டுக்காரருக்கு அதுவும் போதவில்லை என்றால் இரண்டு மோர்மிளகாய் வறுத்து வையுங்கள், சட்டியில் கூடுதல் காரத்தைக் கொட்டாதீர்கள்.

மாமியாருக்குத் தனிச் சமையல் தேவையில்லை, தட்டில் அளவுதான் மாற வேண்டும். முதலில் ஒரு கிண்ணம் பயறும் காயும், அதற்குப் பிறகு ஒரு கரண்டி சோறு. வழக்கமாக நாம் மலைபோலச் சோற்றை வைத்துவிட்டு நடுவில் குழி பறித்துக் குழம்பு ஊற்றுகிறோம், வம்பே அங்குதான். ஒன்று மட்டும், அவருக்குச் சிறுநீரகத்தில் தொந்தரவு இருந்தால் பயறு அளவை டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கூட்டுங்கள்.

நாளைக்குத் தட்டைப்பயறு இருக்கிற இடத்தில் மொச்சை, அதற்கு மறுநாள் பாசிப்பயறு. கத்தரிக்காய் இடத்தில் அவரைக்காய், வாழைக்காய், பூசணி. ஊறுகிற நேரமும் விசிலும் மட்டும் மாறும், வழி இதேதான். (மொச்சையில் கருவாடு சேர்ந்தால் நம்ம ஊரில் பேச்சே வேறு. ஆனால் இது காய்கறிக் கேள்வி, விட்டுவிடுகிறேன்.)

எத்தனை விசில் விட்டாலும் கொண்டைக்கடலை கல்லு மாதிரியே இருக்கிறது. எங்களுக்கு போர் தண்ணீர்தான். சோடா மாவு போடச் சொல்கிறார்கள், போடலாமா?
– வாசகி, வில்லாபுரம்

பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள், போர் தண்ணீர். உப்புத்தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் பயற்றுத் தோலில் இருக்கிற பெக்டினோடு சேர்ந்துகொண்டு அதை இளக விடாது. குளிக்க, துவைக்க போர் தண்ணீரை வைத்துக்கொள்ளுங்கள். பயறு ஊறவும் வேகவும் மட்டும் குடிக்கிற தண்ணீரை எடுங்கள். குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ, ஒரு லிட்டர்தானே செலவாகும்.

அடுத்தது பயற்றின் வயது. வெயிலிலும் புழுக்கத்திலும் கிடந்த பழைய கடலை எந்தத் தண்ணீரில் போட்டாலும் முரண்டு பிடிக்கும். மழைக்கு விதைத்த பயறு தை, மாசியில் சந்தைக்கு வரும், அப்போது கொஞ்சம் சேர்த்து வாங்கி வெயிலில் காய வைத்து டப்பாவில் அடையுங்கள். மற்ற மாதங்களில் சரக்கு வேகமாக ஓடுகிற கடையாகப் பார்த்து வாங்குவதே நல்லது. அப்புறம், புளியோ தக்காளியோ பயறு முழுசாக வெந்த பிறகுதான். முன்னாலேயே விழுந்தால் அந்தப் புளிப்பும் தோலை இறுக்கிவிடும்.

உப்பை எல்லாரும் குற்றம் சொல்கிறார்கள், அது பாவம். ஊற வைக்கிற தண்ணீரில் லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் உப்பு போட்டு இரவு முழுக்க வைத்துப் பாருங்கள், தோல் சீக்கிரம் இளகும். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நல்ல தண்ணீரில் வேக வையுங்கள், குழம்பில் உப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். சோடா மாவு போட்டால் வேகும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பி1 வைட்டமினைக் கெடுத்துவிடும், கொஞ்சம் கூடினாலும் சவக்காரம் மாதிரி ஒரு வாடை அடிக்கும். எனக்கு வேண்டாம்.

ஊறின தண்ணீரைக் கொட்டுவதில் இன்னொரு லாபம், வயிறு ஊதுவது குறையும். பயற்றில் இருக்கிற சில சர்க்கரைகள் நம் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்கே இருக்கிற நுண்ணுயிர்கள் கையில் சிக்கி வாயுவாகிவிடுகின்றன. அதில் ஒரு பங்கு ஊறின தண்ணீரோடு போய்விடும்.

எட்டு மாதக் குழந்தைக்குப் பருப்புத் தண்ணீர் கொடுக்கிறேன். குழந்தைக்கு எடையே ஏறவில்லை. வேறு என்ன சேர்க்கலாம்?
– வாசகி, மேலூர்

பருப்பைச் சேர்க்கலாம். கிண்டலுக்குச் சொல்லவில்லை. மேலே தெளிந்து நிற்கிற தண்ணீரைக் குழந்தைக்கு ஊட்டிவிட்டு, அடியில் இருக்கிற பருப்பைப் பெரியவர்கள் சாம்பாரில் போட்டுக்கொள்கிறோம். குழந்தையின் வயிறு அதன் கையளவுதான், அதைத் தண்ணீரால் நிரப்பினால் எடை எங்கிருந்து ஏறும்? பாசிப்பருப்பும் சோறும் குழைய வெந்ததை நன்றாக மசித்து, அரை டீஸ்பூன் நெய் விட்டு, கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத பதத்தில் கொடுங்கள். அதிலேயே ஒரு நாள் காரட், ஒரு நாள் பூசணி, ஒரு நாள் தண்டுக்கீரையின் இலை. ஒரு வயது வரைக்கும் உப்பும் சீனியும் வேண்டாம், தேன் கூடவே கூடாது. தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள். எடையை மட்டும் டாக்டரிடமோ அங்கன்வாடியிலோ மாதாமாதம் பார்த்துவிடுங்கள்.

மகன் மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் காலையில் போடுகிற காய்கறி சாம்பாரை வழித்துச் சாப்பிடுகிறானாம், டீச்சர் சொல்கிறார். வீட்டில் காயை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரத்தில் வைக்கிறான். எனக்கு அழுகையே வருகிறது.
– வாசகி, திருமங்கலம்

அழாதீர்கள், பிள்ளை காய் தின்கிறான் என்பது தெரிந்துபோயிற்றே! அந்தக் காலை உணவுத் திட்டமே 2022 செப்டம்பர் 15-ல் நம்ம மதுரையில்தான் தொடங்கியது, நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தச் சாம்பார் நல்ல பழக்கம். அங்கே மூன்று விஷயம் நடக்கிறது: காயைப் பொடிசாக நறுக்குகிறார்கள், பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள், பக்கத்தில் உட்கார்ந்து யாரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டு இருப்பதில்லை. மூன்றாவதுதான் பெரிய விஷயம். நீங்களும் தட்டைப் போட்டுக்கொண்டு கூட உட்காருங்கள், காய்ப் பேச்சே எடுக்க வேண்டாம்.

இடையில் வாரம் இரண்டு நாள் அடை போடுங்கள். இட்லி அரிசி ஒரு பங்கு, துவரை, கடலை, பாசி மூன்று பருப்பும் கலந்து ஒரு பங்கு, வற மிளகாய் குறைவாக, சோம்பு கொஞ்சம், கொரகொரப்பாக அரைத்து அதில் துருவின சுரைக்காயோ முருங்கைக்கீரையோ இரண்டு கைப்பிடி. ஓரம் மொறுமொறுவென்று எடுத்தால் பொறுக்கி வைக்க ஒன்றும் இருக்காது. ஆனால் காயை ஒளித்து வைப்பதையே வழக்கமாக்கிவிடாதீர்கள், காயைக் காயாகப் பார்த்தும் அவன் பழக வேண்டும். கீரை ஆயும்போது பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

சமையல் குறிப்பில் முருங்கைக்காய், காரட், பீன்ஸ் என்று அடுக்குகிறீர்கள். மழைக்காலத்தில் ஒரு முருங்கைக்காயை வாங்கவே யோசிக்க வேண்டியிருக்கிறது. நாங்கள் என்ன செய்வது?
– வாசகர், ஜெய்ஹிந்த்புரம்

ஐயா, கோபம் நியாயம். குறிப்பில் இருக்கிற காயைத் தேடிக்கொண்டு சந்தைக்குப் போகாதீர்கள், சந்தையில் மலிந்து கிடக்கிற காயை வாங்கி வந்து குறிப்பை அதற்கு வளையுங்கள்.

காயை மூன்று குடும்பமாகப் பிரித்து மனசில் வையுங்கள், அதற்குள்ளே ஒன்றுக்கு ஒன்று தாராளமாக மாறும். சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய், சௌசௌ, வெள்ளைப் பூசணி எல்லாம் நீர்க்காய். பாசிப்பருப்புக் கூட்டு என்றால் இதில் எது விழுந்தாலும் கூட்டுதான், தேங்காய் சீரகம் அரைத்து விட்டால் போதும். அவரை, சீனியவரை, பீன்ஸ், முட்டைக்கோஸ் எல்லாம் பொரியல் காய். பீன்ஸ் விலை ஏறினால் சீனியவரையை எடுங்கள். அதன் லேசான கசப்புக்கு வேக வைத்த துவரம்பருப்பை ஒரு கை உதிர்த்துப் போட்டுப் பிரட்டினால் சரியாகிவிடும். மூன்றாவது கீரை. எந்தக் கீரையும் பருப்போடு கடையலாம், அகத்தி மட்டும் கசப்பு, அதைப் பொரியலாக வைத்துக்கொள்ளுங்கள். முருங்கைக்காய் மழைக்கும் பனிக்கும் வரத்துக் குறையும், ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் அதை மறந்துவிடலாம். அந்த நாட்களில் சாம்பார் வாசனைக்கு இரண்டு மாங்காய் வத்தல் போதும். முருங்கைக்கீரை கிடைத்தால் அதை விட்டுவிடாதீர்கள், சத்தில் காயைவிடக் கீரைதான் ஒசத்தி.

வாங்குகிற இடம் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999-ல் நம்ம மதுரை அண்ணா நகரில்தான் திறந்தது, விலைப்பலகையை எழுதியே வைத்திருப்பார்கள். காலையில் போனால் நல்ல காய், கடை கட்டுகிற நேரத்தில் போனால் மலிந்த காய். உங்கள் சௌகரியம். பீர்க்கங்காய்த் தோலைத் தூக்கிப் போடாதீர்கள், உளுந்தம்பருப்பு, வற மிளகாய், புளியோடு வதக்கி அரைத்தால் துவையல். முள்ளங்கி வாங்கினால் இலையோடு வாங்குங்கள், பாசிப்பருப்பு போட்டுப் பொரித்தால் அது ஒரு வெஞ்சனம்.

மகளுக்கு ரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தினமும் கீரை கொடுக்கிறேன், ஏறவே இல்லை. கீரையை நிறுத்திவிடவா?
– வாசகி, வாடிப்பட்டி

நிறுத்த வேண்டாம், மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். கீரையிலும் பயற்றிலும் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் கொஞ்சமாகத்தான் ஒட்டும். கூடவே வைட்டமின் சி போனால் கூடுதலாக ஒட்டும். கடைந்த கீரையை இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள், அல்லது சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய், ஒரு கொய்யா. பழனிப் பக்கத்து ஆயக்குடிக் கொய்யா வண்டியில் வரும்போது வாங்கிப் போடுங்கள், ஆப்பிள் தேவையே இல்லை. பாசிப்பயறை முளைகட்டி லேசாக ஆவி காட்டிச் சுண்டல் செய்தாலும் நல்லது, முளை விடும்போது இரும்பைப் பிடித்து வைக்கிற சத்து குறைந்துவிடும்.

இன்னொன்று கேட்கிறேன், சாப்பிட்டதும் டீ குடிக்கிறாளா? அதுதான் எடுக்கிற சத்தையும் கெடுக்கும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள். அப்படியும் ஏறவில்லை என்றால் காரணம் சமையலில் இல்லை, டாக்டரிடம் திரும்பப் போய்க் கேளுங்கள்.

ரூமில் ஒரு இன்டக்ஷன் அடுப்பும் சின்னக் குக்கரும்தான் இருக்கிறது. ராத்திரி பரோட்டா தின்று அலுத்துவிட்டது. சீக்கிரம் ஆகிற மாதிரி ஒன்று சொல்லுங்கள் அக்கா.
– வாசகர், மாட்டுத்தாவணி

மதுரையில் இருந்துகொண்டு பரோட்டா அலுத்துவிட்டதா தம்பி! சரி, அரை டம்ளர் அரிசி, அரை டம்ளர் பாசிப்பருப்பு, கையில் இருக்கிற காய் இரண்டு கைப்பிடி, நாலு டம்ளர் தண்ணீர், மிளகு, சீரகம், பூண்டு, மஞ்சள்தூள், உப்பு. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு நாலு விசில். ஆவி அடங்கித் திறந்ததும் ஒரு கைப்பிடி கீரையை நறுக்கிப் போட்டுக் கிளறி மூடிவிடுங்கள், அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். தக்காளியும் சாம்பார்பொடியும் சேர்த்தால் மறுநாளைக்கு வேறு ருசி. குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், பாசிப்பருப்பு நுரைத்துப் பொங்கி ஆவி வழியை அடைக்கும். மூடுமுன் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். வெயிட்டை ஒவ்வொரு தடவையும் கழுவுங்கள்.